ஸ்ரீசக்கரம் கையால் வரைதல்: 43 முக்கோணங்களும் பிசகாமல் விழ என்ன வழி?

கோணம்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நவராத்திரிக்கு முன், அம்பிகையை வழிபடும் யந்திரமான ஸ்ரீசக்கரம் ஒன்றைக் கையால் வரைந்து முடித்து, அதையே செப்புத் தகட்டில் வெட்டக் கொடுக்க வேண்டும். விட்டத்தை 48 பங்காக்கி ஒன்பது குறுக்குக் கோடுகள் போடும் பழைய முறையில்தான் வரைகிறேன். மேலிருந்து 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6, 6 என்று இடைவெளி. பிறகு 1, 2, 4, 5, 6, 8, 9ஆம் கோடுகளின் இரு முனையிலும் முறையே 3, 4, 16, 18, 16, 4, 3 பங்கு அழிப்பது. 3ஆவதும் 7ஆவதும் வட்டம் வரை அப்படியே நிற்கும்.

ஒன்பது முக்கோணங்கள் வந்துவிடுகின்றன. ஆனால் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூட வேண்டிய பல இடங்களில் இரண்டுதான் கூடுகின்றன. மூன்றாவது விலகிப் போய், நடுவே அரிசிமணி அளவில் ஒரு போலி முக்கோணம் விழுகிறது. எண்ணினால் 43 வருவதில்லை. பென்சில் பிழையா, முறையிலேயே பிழையா?

கூடவே மூன்று சந்தேகங்கள். உள்முக்கோணங்கள் 43 என்றும் 44 என்றும் சொல்கிறார்களே, எது சரி? நடு முக்கோணத்தின் நுனி யார் பக்கம் இருக்க வேண்டும்? தீட்சை இல்லாதவர் வீட்டில் இதை வைத்து என்ன வழிபாடு செய்யலாம்?


வசுகோணம் எழுதியது:

எண்ணிக்கையை முதலில் தீர்த்துக்கொள்வோம். அது தெளிந்தால்தான் எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிக்க முடியும்.

சௌந்தர்ய லஹரியின் 11ஆவது சுலோகம் ஸ்ரீசக்கரத்தின் உறுப்புகளைச் சொல்கிறது: சிவ முக்கோணம் நான்கு, சக்தி முக்கோணம் ஐந்து, எட்டிதழ், பதினாறிதழ், மூன்று வட்டம், மூன்று கோடு. அந்தச் சுலோகத்துக்கு 43 என்றும் 44 என்றும் இரண்டு பாடங்கள் உண்டு. நடுப்புள்ளியான பிந்துவையும் ஒரு கோணமாகச் சேர்த்தால் 44, சேர்க்காவிட்டால் 43. இரண்டும் ஒரே சக்கரத்தைத்தான் சொல்கின்றன. அபிராமி பட்டர் "ஒளிநின்ற கோணங்கள் ஒன்பதும் மேவி உறைபவளே" என்று பாடுவது அந்த மூல ஒன்பதை.

43 வரும் கணக்கு இது. நடுவில் 1, அதைச் சுற்றி 8, அதைச் சுற்றி உள்பத்து, வெளிப்பத்து, கடைசியில் 14. ஒவ்வொரு சுற்றுக்கும் தனி நிறத்தில் மெல்லிய சாயம் தீட்டி எண்ணுங்கள். கோட்டை மட்டும் பார்த்து எண்ணினால் கண் ஏமாறும்.

இந்த எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வொரு முக்கோணமும் ஒரு சக்தியின் ஆசனம். பதினான்கில் ஸர்வ ஸங்க்ஷோபிணி முதலான பதினால்வர். எட்டில் வசினி முதலான வாக்தேவதைகள் எண்மர். லலிதா ஸஹஸ்ரநாமத்தை இயற்றியவர்கள் என்று அந்த நூலே சொல்வது இவர்களைத்தான். நடு முக்கோணத்தின் மூன்று மூலையிலும் காமேச்வரி, வஜ்ரேச்வரி, பகமாலினி. பிந்துவில் மஹாதிரிபுரசுந்தரி. கோடுகள் கூடும் ஒரு சந்தி திறந்து கிடந்தால் ஒருத்தியின் இருக்கை கலைந்துபோகிறது. போலி முக்கோணம் விழுந்தால் யாருக்கும் உரியதல்லாத இடம் ஒன்று சக்கரத்துக்குள் வந்துவிடுகிறது. சுற்றுச் சுற்றாகச் செய்யும் ஆவரண பூஜையில் பெயர் சொல்லி ஒவ்வொரு முக்கோணத்திலும் அட்சதை வைக்கும்போது இந்தக் கோளாறு வெளிப்படையாகத் தெரியும்.

நுனி பற்றி: நீங்கள் சொல்லும் முறையில் 1 முதல் 5 வரையான கோடுகள் கீழ்நோக்கிய சக்தி முக்கோணங்களின் அடிகள், 6 முதல் 9 வரை மேல்நோக்கிய சிவ முக்கோணங்களின் அடிகள். நடு முக்கோணம் கீழ்நோக்கியது. பூஜையில் வைக்கும்போது அதன் நுனி பூஜிப்பவரை நோக்கி இருக்க வேண்டும். ஐந்து மேல்நோக்கியும் நான்கு கீழ்நோக்கியுமாக மாற்றி வைக்கும் மரபுகளும் உண்டு. அவை குருவழியாக வந்தவை, படத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது.


வரைபலகை எழுதியது:

பென்சிலில் கொஞ்சம், முறையில் நிறைய. 48 பங்கு முறை முழு எண்களில் சொல்லப்பட்டது, அதை அப்படியே போட்டால் எல்லாச் சந்தியும் கூடாது. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

வட்டத்தை 24 செ.மீ. விட்டத்தில் எடுங்கள். ஒரு பங்கு சரியாக 5 மி.மீ. ஆகும். ஒவ்வொரு முக்கோணத்தையும் அதன் அடிக்கோட்டின் எண்ணால் சொல்கிறேன். 3ஆம் கோடு மேலிருந்து 85 மி.மீ. அந்தக் கோட்டின் மேல் 2ஆம் முக்கோணத்தின் பக்கமும் 7ஆம் முக்கோணத்தின் பக்கமும் ஒரே புள்ளியில் கூட வேண்டும். 7ஆம் முக்கோணத்தின் உச்சி வட்டத்தின் தலை, அடி 150 மி.மீ. தாழ்வில், அரை அகலம் 116. ஆகவே 85இல் அதன் பக்கம் நடுக்கோட்டிலிருந்து (தலையிலிருந்து அடிவரை போகும் விட்டம்) 116 × 85 ÷ 150, அதாவது 65.7 மி.மீ. தூரத்தில் இருக்கும். 2ஆம் முக்கோணம் 60இல் தொடங்கி 210இல் முடிகிறது. 4 பங்கு அழித்தால் அரை அகலம் 84. 85இல் அதன் பக்கம் 84 × 125 ÷ 150 = 70 மி.மீ. நான்கு மி.மீ.க்கு மேல் விலகல்! எவ்வளவு கூர்மையான பென்சிலாலும் இதை மூட முடியாது. 8ஆம் கோட்டில் 3, 9ஆம் முக்கோணங்கள் கூடுமிடத்திலும் ஏறக்குறைய இதே அளவு விலகும். 6ஆம் கோட்டில் 4, 9ஆம் முக்கோணங்கள் கூடுமிடமும் அப்படியே.

தீர்வு எளிது. 2ஆம் கோட்டில் 4க்குப் பதில் 5 பங்கு அழியுங்கள். அரை அகலம் 79 ஆகும், 85இல் பக்கம் 65.8க்கு வந்து அச்சாகப் பொருந்தும். 9ஆம் கோட்டில் 3க்குப் பதில் 4. பிறகு 5, 6ஆம் கோடுகளைச் சுமார் கால் பங்கு மேலே ஏற்றினால் நடுப்பகுதியும் இறுகும். அழிக்கும் வேலையே வேண்டாம். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அரை அகலத்தை அளந்து குறித்தால் போதும்.

24 செ.மீ. வட்டத்துக்கு அளவுகள் இவை. முதல் எண் வட்டத்தின் தலையிலிருந்து தாழ்வு, அடுத்தது அரை அகலம், இரண்டும் மி.மீ.; கடைசியில் நுனி தொட வேண்டிய இடம்.

1ஆம் கோடு: 30, 64, நுனி 6ஆம் கோட்டின் நடு
2ஆம் கோடு: 60, 79, நுனி 9ஆம் கோட்டின் நடு
3ஆம் கோடு: 85, வட்டம் வரை, நுனி வட்டத்தின் அடி
4ஆம் கோடு: 100, 39, நுனி 8ஆம் கோட்டின் நடு
5ஆம் கோடு: 114, 30, நுனி 7ஆம் கோட்டின் நடு
6ஆம் கோடு: 134, 40, நுனி 2ஆம் கோட்டின் நடு
7ஆம் கோடு: 150, வட்டம் வரை, நுனி வட்டத்தின் தலை
8ஆம் கோடு: 180, 84, நுனி 1ஆம் கோட்டின் நடு
9ஆம் கோடு: 210, 59, நுனி 3ஆம் கோட்டின் நடு

இப்படிப் போட்டால் பெரும்பாலான சந்திகளில் விலகல் ஒரு மி.மீ. அளவுக்குள் அடங்கும். மிச்சம் நிற்பது 5ஆம் கோட்டைச் சுற்றித்தான். அதன் இரு முனையும் 4ஆம், 6ஆம் முக்கோணப் பக்கங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் விழ வேண்டும். அதே கோட்டின் மேல்தான் 1ஆம், 9ஆம் முக்கோணப் பக்கங்களும் கூட வேண்டும். 114ஐக் கொஞ்சம் கூட்டினால் முதலாவது நெருங்கும், இரண்டாவது விலகும், குறைத்தால் நேர்மாறு. முதல் தாளில் இதைப் பார்த்துக்கொண்டு, இரண்டாம் தாளில் 4, 6ஆம் கோடுகளின் அரை அகலத்தை அரை மி.மீ. கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். கோட்டை ஒருபோதும் வளைத்துச் சேர்க்காதீர்கள். ஒரு பக்கம் வளைந்தால் அந்தக் கோடு கடக்கும் மற்றச் சந்திகள் எல்லாம் கெடும்.

பென்சிலால் வரும் பிழைகள்: நடுக்கோட்டுக்குக் குறுக்குக் கோடுகள் சரியாகச் செங்குத்தாக இல்லாமை (மூலைமட்டம் வைத்தே போடுங்கள், ஸ்கேலை நகர்த்தி அல்ல), ஒவ்வொரு அளவையும் முந்தைய கோட்டிலிருந்து அளப்பது (எல்லாம் வட்டத்தின் தலையிலிருந்தே அளக்க வேண்டும், இல்லையென்றால் பிழை கூடிக்கொண்டே போகும்), காம்பஸ் முள் குத்திய துளை பெரிதாகி வட்டம் பிசகுவது. 0.3 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில் போதும். பிந்துவை வட்ட மையத்தில் வைத்துவிடாதீர்கள். மேற்கண்ட அளவில் நடு முக்கோணத்தின் மூன்று பக்கத்துக்கும் சம தூரமான புள்ளி மையத்துக்கு ஒரு மி.மீ. கீழே விழும்.


ஆசாரம் எழுதியது:

பூர்வர்கள் சொன்ன எண்களை நம் வசதிக்கு மாற்றுவது சரியா? நான்கு பங்கு அழிக்கச் சொன்ன இடத்தில் ஐந்து அழித்தால் அது வேறு சக்கரம் ஆகிவிடாதா? உரைகாரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைப்பது தவறு.


வரைபலகை எழுதியது:

அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லவில்லை ஐயா. கயிறும் முளையும் வைத்துத் தரையில் வரைபவர் கையாளக்கூடிய முழு எண்கள் அவை. சக்கரத்துக்கு லட்சணமாக நூல்கள் சொல்வது முக்கோணங்களின் எண்ணிக்கையும் சந்திகளும் மர்மங்களும்தான். இரு கோடு கூடுமிடம் சந்தி, மூன்று கோடு கூடுமிடம் மர்மம். மர்மம் பிளந்தால் சக்கரம் பழுது என்பதும் அந்த மரபின் சொல்தான். எந்த நுனி எந்தக் கோட்டைத் தொட வேண்டும் என்ற அமைப்பை ஓரிடத்திலும் மாற்றவில்லை. ஐந்து சக்தியும் நான்கு சிவமும் அப்படியே இருக்கின்றன. மர்மம் கூடுவதற்காகப் பங்கைத் திருத்துகிறோம், அவ்வளவே.


வசுகோணம் எழுதியது:

ஆசாரம் அவர்களின் கவலை நியாயமானது. அதனால்தான் திருத்தத்துக்கு ஓர் எல்லை வேண்டும். நுனி தொடும் இடங்கள் மாறக் கூடாது. 3, 7ஆம் முக்கோணங்களின் மூன்று மூலையும் வட்டத்தைத் தொட வேண்டும். வேறெந்த முக்கோணமும் வட்டத்தைத் தொடக் கூடாது. கடைகளில் கிடைக்கும் படங்களில் 2ஆம், 8ஆம் முக்கோணங்களும் வட்டத்தை இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் படத்தில் பதினான்கின் வரிசை குலைந்திருக்கும்.

இன்னொன்று. ஒன்பதையும் தனித்தனி முக்கோணங்களாக மட்டும் பார்க்கக் கூடாது. சக்தி முக்கோணங்களை மட்டும் தனித்தாளில் வரைந்து பாருங்கள்: ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் ஐந்து கூம்புகள், உள்ளே ஆவரணம் எதுவும் பிறக்காது. சிவ முக்கோணங்களை மட்டும் வரைந்தாலும் அதே கதி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்த பிறகுதான் எட்டும் பத்தும் பதினான்கும் தோன்றுகின்றன. சக்தியோடு கூடாத சிவனால் அசையவும் முடியாது என்று சௌந்தர்ய லஹரி முதல் சுலோகத்தில் சொல்வதை இங்கே கோட்டிலேயே காணலாம். பிந்துவைத் தாங்கும் முக்கோணம் கீழ்நோக்கிய சக்தி முக்கோணம் என்பதும் தற்செயல் அல்ல. மையம் அவளுடையது.


கோணம்தேடி எழுதியது:

மிக்க நன்றி. புது அளவில் 3ஆம் கோட்டுச் சந்திகள் அப்படியே பொருந்துகின்றன. இதழ்களுக்கும், வெளிச் சதுரமான பூபுரத்துக்கும் அளவு உண்டா? தகடு எந்த அளவில் எடுப்பது?


வரைபலகை எழுதியது:

இதழ்களுக்கு மரபுக்கு மரபு விகிதம் மாறும். 24 செ.மீ. வட்டத்துக்குக் கையாள எளிதான அளவு: எட்டிதழ் 150 மி.மீ. ஆரம் வரை, பதினாறிதழ் 180 வரை, அதன் வெளியே ஐந்தைந்து மி.மீ. இடைவெளியில் மூன்று வட்டம் 190இல் முடியட்டும். பூபுரத்தின் மூன்று சதுரக் கோடுகள் மையத்திலிருந்து 200, 205, 210. நான்கு பக்கமும் நடுவில் வாசல். மொத்தம் சுமார் 46 செ.மீ. வரும், சாதாரண சார்ட் பேப்பரில் அடங்கும். எட்டிதழில் ஓர் இதழின் நுனி நடுக்கோட்டின் மேலேயே விழ வேண்டும், அங்கிருந்து 45 பாகைக்கு ஒன்று. பதினாறுக்கு 22.5 பாகை. இரண்டு இதழ்களுக்கு இடையே நடுக்கோடு போனால் வாசலும் இதழும் நேர்படாது.


தாமிரம் எழுதியது:

தகட்டைப் பற்றி நான் சொல்கிறேன். மூன்று அங்குலத் தகடு வேண்டவே வேண்டாம். பூபுரத்தோடு மூன்று அங்குலம் என்றால் முக்கோணங்கள் இருக்கும் வட்டத்துக்குக் கிடைப்பது 43 மி.மீ. விட்டம். அதில் நடு முக்கோணத்தின் உயரம் மூன்றரை மி.மீ.தான். அதற்குள் பிந்துவும் வைத்து, மூன்று பக்கமும் வெட்டுக்கோட்டின் தடிமனையும் கழித்தால் இடமே மிஞ்சாது. குறைந்தது ஆறு அங்குலம், முடிந்தால் எட்டு.

அமிலத்தில் அரித்து எடுக்கும் தகடுகள் மலிவு. ஆனால் அமிலம் கீழே மட்டும் இறங்காது, பக்கவாட்டிலும் அரிக்கும். கோடு தடித்து, உள்பத்தின் முக்கோணங்கள் மூடிக்கொள்ளும். கையால் உளி வைத்து வெட்டினாலோ கணினி எந்திரத்தில் வெட்டினாலோ கோடு மெல்லியதாக நிற்கும். வெட்டுபவரிடம் ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸில் நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் சுருங்கும் என்று நம்ப முடியாது, வட்டம் லேசாக முட்டை வடிவமாகும். அளவுகளை எழுதியே கொடுங்கள். எட்டு அங்குலத் தகடானால், 24 செ.மீ. அளவுகளை எல்லாம் 0.44ஆல் பெருக்கினால் வாசலோடு சேர்த்து உள்ளே அடங்கும்.

ஸ்ரீசக்கரத்தை மலைபோல் உயர்த்திச் செய்த மேரு வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வார்ப்பில் செய்த சிறிய மேருக்களில் உள்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு முனைதான் இருக்கும். ஈர்க்குச்சியால் ஒவ்வொரு முனையையும் தொட்டு எண்ணி வாங்குங்கள்.

பராமரிப்பு: பால், தயிர் அபிஷேகம் செய்தால் கோட்டுப் பள்ளங்களில் தங்கி, இரண்டே நாளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அபிஷேகம் முடிந்த உடனே வெந்நீர் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்துத் துடைத்து உலர்த்த வேண்டும். களிம்பு பிடித்துவிட்டால் புளிக்கரைசல் போதும். இரும்பு நார், சாம்பல் போட்டுத் தேய்த்தால் கோட்டின் விளிம்பு மழுங்கும். வாரம் தவறாமல் பால் அபிஷேகம் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. மாங்காடு காமாட்சி கோயிலில் உள்ள அர்த்தமேரு மூலிகைகளால் ஆனது, அதற்கு அபிஷேகமே கிடையாது, குங்கும அர்ச்சனைதான். பொருளுக்கு ஏற்ற உபசாரம் என்பதே வழக்கம்.


வசுகோணம் எழுதியது:

தீட்சை பற்றிய கேள்வி பாக்கி இருக்கிறது. நவாவரண பூஜை பூபுரத்தில் தொடங்கி உள்ளே பிந்து வரை ஒன்பது சுற்றாகச் செல்லும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பெயர், தனிச் சக்ரேச்வரி, தனி முத்திரை. இது பஞ்சதசி என்ற பதினைந்தெழுத்து மந்திரத்தின் உபதேசம் பெற்றவர்களுக்கே. நூலைப் பார்த்துப் பீஜங்கள் என்ற மந்திர எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டாம். பூஜைப் பாத்திரங்களை முறைப்படி அமைக்கும் பாத்திர ஸாதனம் முதலான அங்கங்களை அருகிலிருந்து கற்காமல் செய்ய முடியாது.

தீட்சை இல்லாதவருக்கு வழி அடைபட்டதாக நினைக்க வேண்டாம். லலிதா ஸஹஸ்ரநாமத்தால் குங்கும அர்ச்சனை செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. முதலில் நியாஸமும் (உடலைத் தொட்டு மந்திரம் சொல்வது) தியான சுலோகமும் சொல்லி, பிறகு நாமாவளி. பிந்துவின் மேல் மட்டும் சிட்டிகை சிட்டிகையாக இடுங்கள். மஞ்சளில் செய்த குங்குமமே வேண்டும். சாயம் கலந்தது தகட்டின் பள்ளத்தில் கறையாக உட்கார்ந்துவிடும். மோதிர விரலும் கட்டைவிரலும் கொண்டு எடுப்பது முறை. ஆயிரம் நாமமும் நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேரம் குறைவென்றால் திரிசதி: பஞ்சதசியின் 15 எழுத்துக்கு 20 வீதம் 300 நாமம். ஆனால் அதையும் உபதேசம் பெற்றே சொல்லும் வீடுகள் உண்டு, உங்கள் குடும்ப வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரைந்த தாளை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். சோதனைக்காக வரைந்த, மர்மம் கூடாத தாள்களை குப்பையில் போடாமல் நீரில் கரைத்துவிடுங்கள். சரியாக வந்த தாளைத் தகடு வெட்டி முடியும் வரை மடிக்காமல் தட்டையாக வையுங்கள். மடிப்பு 5ஆம், 6ஆம் கோடுகளுக்கு நடுவே விழுந்தால் அந்த அளவை மறுபடி எடுக்க முடியாது. தகடு வந்ததும் முதல் வேலையாகச் சாயம் தீட்டாமல் ஈர்க்குச்சியால் 14, 10, 10, 8, 1 என்று எண்ணிப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டுமே பீடத்தில் ஏற்றுங்கள்.